நிபின் மாஸ்டர் போட்ட கேள்வி

டியூஷன் மாஸ்டர் நிபின் வீடு திரும்புவதற்குள் அவன் மனைவி ஜோஸ்மி சீட்டெழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

"மரச்சீனிக் கிழங்கு அவிச்சு வச்சிருக்கு, மீன்கறி சட்டியில உண்டு. நீங்க வச்ச சொல் பரீட்சையை உங்ககிட்ட படிக்கிற பக்கத்து வீட்டு பிரசீதா கொண்டு காட்டினா. 'பிள்ளை பெறாத பெண்ணை ______ என்பர்.' கொடுத்த நாலு சொல்லுல வகுப்பு முழுக்க சரியா 'மலடி'யை எழுதிச்சாம். என்னைப் பாத்துச் சிரிச்சிட்டே சொன்னா. நான் ஆரியங்கோட்டுக்கு அம்மை வீட்டுக்குப் போறேன். போன்ல விளிக்க வேண்டாம்."

பையை எடுத்தவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

"உங்க அம்மைக்கும் சாப்பிடக் குடுங்க, அழுதிட்டு இருக்கு. குறை உங்களுக்காக்கும்னு டாக்டர் சொன்னதை இவ்வளவு வருஷம் மறைச்சேன், இன்னைக்கு உங்க அம்மையிட்ட சொல்லியாச்சு. பிரசீதாவும் நின்னு கேட்டா. நாளைக்கு வகுப்புல பிள்ளைங்க சிரிச்சா, ஆணுக்கு உள்ள சொல்லை நீங்களே நிரப்பிக் குடுங்க."