சேகர் வந்துகொண்டிருக்கிறார்

செல்ல அப்பாவுக்கு,

இதனால் புதுச்சேரி, சாரம் வாழ் பொதுமக்களுக்கும், மேலே எங்கேயோ இருக்கும் உனக்கும் அறிவிப்பது யாதெனில்: உன் மகன் இன்று காலை யாரும் எழுப்பாமலே எழுந்து பல் துலக்கினான். அம்மா என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

காரணம் இருக்கிறது. நீ போன பிறகு அம்மா நம்மூர் மேட்டுப்பாளையத்துக் கம்பெனிக்கு பஸ் மாறி மாறிப் போனாள். அடிக்கடி லேட். "இன்னொரு தடவ லேட்டா வந்தா நின்னுக்கம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்த வேலையும் போய்விட்டால் நாங்கள் என்ன செய்வோம்?

அதனால் நானும் என் நண்பன் பைசலும் ஓர் ஆப் செய்தோம். ஒரே பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஒரே வண்டியில் சேர்ந்து போகலாம். பெயர் 'ஏறிக்கோ'. தினமும் வண்டியை உதைத்துவிட்டு அம்மாவிடம் நீ சொல்வாயே, அதுதான்.

"ஆப்பா? யாருக்குடா வெக்கப் போறீங்க?" என்றாள் அம்மா.

"சூப்பர்வைசருக்குதாம்மா."

நீ போனதற்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

பைசல் தெருத்தெருவாகப் போய் ஆள் பிடித்தான். அம்மாவோடு வேலை செய்யும் சுமதி அக்காவும் ஸ்கூட்டியோடு சேர்ந்தார். இப்போது அம்மா அவர் பின்னால் உட்கார்ந்து நேரத்துக்குப் போகிறாள். முதல் நாளே ஒரு தப்பும் இல்லாமல் ஓடியது என்று பைசல் வீட்டில், ஸ்கூலில், இஸ்திரிக் கடையில்கூட அளந்துவிட்டிருக்கிறேன்.

உன்னிடம் அளக்க வரவில்லை. ஆப் வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் உன் பெயரையும் உன் வண்டியையும்தான் அதில் போட்டிருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். முதல் நாள் அம்மா வண்டி கேட்டதும் அவள் போனில் வந்தது: 'சேகர் வந்துகொண்டிருக்கிறார்.'

தன் போனில் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பைசல் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே ஓடினேன். அம்மா பையை மாட்டிக்கொண்டு, தெருமுனையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அது டெஸ்ட்டுக்குப் போட்டதும்மா."

"தெரியும்டா. சும்மா நின்னேன்."

நான்தான் சுமதி அக்கா வீட்டுக்கு ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தேன். அன்றைக்கு ஆப் ஒன்றும் கிழிக்கவில்லை.

இனி ஒரு நாளும் அம்மாவை அப்படி நிற்க விடமாட்டேன் அப்பா. இது சத்தியம். இன்று காலை தானாக எழுந்ததும் ஆப்பைச் சரிபார்க்கத்தான். உன் பெயரை அழித்துவிட்டேன் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அழிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் மறைத்துத்தான் வைத்திருக்கிறேன். விரல் அழிக்கும் பொத்தான் வரைக்கும் போகிறது, அதற்குமேல் போகமாட்டேன் என்கிறது.

உன் வாலு மகன்