எண்ணெய் ஒழுகிய வாரம்

1944 நவம்பர் 6, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. நாலு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம்.

காருக்கு அடியில் மறுபடியும் கறுப்பாக ஒரு வட்டம். சாப்பாட்டுத் தட்டு அளவு. பெருக்க வந்த கன்னியம்மா விளக்குமாற்றோடு நின்றுவிட்டாள். "இன்னா டாக்டரம்மா, நேத்துதான கழுவி வுட்டேன். திரும்பவும் ஊத்திக்கினு கீது?"

நாலு நாளாக இதே கதை. தினமும் ஒரு டம்ளர் ஆயில் ஊற்றித்தான் வண்டியை எடுக்கிறேன். டின்னில் இன்னும் ஒரு வாரத்துக்கு வந்தால் பெரிது. மெக்கானிக் கோபால் பட்டாளத்து லாரிகளோடு போய் ஒரு வருஷம் ஆகிறது. வேறு ஆள் தெரியாது.

இவர் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில். மார்ச்சில் பக்கவாதம் வந்ததிலிருந்து அதுதான் இடம். டிராயிங் ஆபீஸில் முப்பது வருஷம் கோடு போட்ட வலது கை மடியில் கிடக்கிறது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக. இந்த வண்டிக்கு வைத்தியர் இவர்தான். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். திறந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலை கொழுந்தன் சவரிமுத்து. "வித்துடுங்க அண்ணி. தியாகராய நகர்ல ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர் கேக்குறாரு. ஞாயித்துக்கிழம கூட்டியாரேன். அண்ணன் இனிமே ஓட்டவா போறாரு?" அண்ணன் காதில் விழும்படியே சொன்னார். இவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்க: பஞ்சு, டிங்சர், பார்லி, மண்ணெண்ணெய் (கிடைத்தால்).

அடையாறு பாக்கியம் – தலைப்பிரசவம், எட்டு மாதம் முடிந்துவிட்டது. கால் வீக்கம் குறையவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்க்க வேண்டும்.

நவ. 7, செவ்வாய்

மழை விட்டது. பதினொரு மணிக்குக் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். நாற்பத்தாறு வயதில் இது ஒரு கோலம். அடியில் ஆயிலை வடிக்கும் திருகுதான் காரணம் என்று நினைத்து அதை முடுக்கினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் திரும்பவும் சொட்டு.

பிறகு நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். பத்து நிமிஷம் ஓடவிட்டேன். வெள்ளையில் ஈரக்கோடு பளிச்சென்று தெரிந்தது. ஒழுகுவது அடியில் இல்லை. எஞ்சினின் பக்கவாட்டில், வால்வுகளை மூடியிருக்கும் ஒரு சாண் தகடு. அதன் கீழ் உதட்டிலிருந்து கசிந்து, வழிந்து, அடியில் போய்ச் சொட்டுகிறது. சின்ன வியாதிதான். சின்னதாக ஒரு சந்தோஷம்.

தகட்டைப் பிடித்திருப்பவை இரண்டு நட்டுகள். ஒன்று ஸ்பேனர் இல்லாமலே விரலோடு வந்தது. அதைச் சுற்றிப் புதுக் கீறல்கள், ஸ்பேனர் வழுக்கி வழுக்கி விழுந்த மாதிரி. கோபால் இப்படி விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. யார் கை வைத்தது?

நவ. 8, புதன்

காலை ஆறு மணிக்கே தகட்டைக் கழற்றினேன். தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் கார்க் பாக்கிங் ஓர் ஓரத்தில் கிழிந்து மடிந்திருந்தது. மவுண்ட் ரோடு கடைக்கு ஆள் அனுப்பிக் கேட்டதற்கு "சண்டை முடியட்டும்" என்று பதில்.

எட்டரைக்குப் பாக்கியத்தின் புருஷன் ஓடி வந்தான். பனிக்குடம் உடைந்துவிட்டது, ஏதோ கயிறு மாதிரி வெளியே தெரிகிறதாம். எஞ்சின் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. தகடு என் கையில்.

ஜட்கா கிடைக்கவே கால் மணி. பாலத்துக்கு முன்னால் பட்டாளத்து லாரிகள் வரிசையாக. குதிரை நின்ற இடத்திலேயே நின்றது. "நா இன்னா பண்றது தாயி, எறங்கி நடக்கிறியா?" என்றான் ஜட்காக்காரன். இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் நழுவியிருந்தது. துடிப்பு இல்லை. ஆண் குழந்தை. தாய் பிழைத்தாள்.

அங்கிருந்த மருத்துவச்சி மெல்லச் சொன்னாள்: "நீங்க வரதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் துடிச்சிக்கினு இருந்துச்சும்மா." விடியும்போதே சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். என் வண்டி கழற்றிக் கிடந்ததை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நவ. 9, வியாழன்

உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. மழை.

இவர் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன்.

"நான்... தான்."

"என்ன நீங்கதான்?"

"தகடு. நீ... கோயில்... போனப்ப."

போன வியாழன், கல்லறைத் திருநாள் அன்று. நான் பூசைக்கும் கல்லறைக்கும் போயிருந்தேன். இவர் தடியை ஊன்றிக்கொண்டு ஷெட் வரைக்கும் நடந்திருக்கிறார். பன்னிரண்டு தப்படி. எட்டு மாதத்தில் தனியாக நடந்தது அதுதான். வால்வு கடகடவென்று சத்தம் போடுவதை நாற்காலியில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தாராம். இடது கையால் சரிசெய்யலாம் என்று திறந்தார். திறக்க முடிந்தது. இறுக்கி மூட முடியவில்லை. பாக்கிங் கிழிந்தது. சொல்லப் பயம்.

வாய் ஒரு பக்கம் கோணி அழுதார். நான் துடைத்துவிட்டேன்.

பிறகு, "குழந்தை?"

"நல்லா இருக்கு. ஆம்பளப் புள்ள" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. கன்னியம்மாவிடம், ஐயாவிடம் ஒன்றும் பேசாதே என்று சொல்லி வைத்தேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்: குழந்தை நல்லா இல்லை.

நவ. 10, வெள்ளி

கார்க் இல்லை. என்ன செய்வது என்று இவரையே கேட்டேன். "அட்டை" என்றார். டிராயிங் ஆபீஸ் காலத்துப் பழுப்பு அட்டை, பீரோவுக்கு மேல்.

வேலை இப்படி: அட்டையைத் தகட்டின் மேல் வைத்து, விளிம்பு ஓரமாகச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். தகட்டின் விளிம்பே அட்டையை வெட்டிவிடும். நான் பிடித்துக்கொண்டேன், இவர் இடது கையால் தட்டினார். முதல் அட்டை நட்டுத் துளை அருகே பிய்ந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொண்ணு இருக்கு" என்றேன். ஒன்றேகால் மணி நேரம். இரண்டாவது சரியாக வந்தது.

அதை ஆயிலில் ஊறப் போட்டேன். ஒட்டியிருந்த பழைய கார்க்கை மொட்டைக் கத்தியால் சுரண்டினேன், உள்ளே ஒரு துணுக்கும் விழாமல். தகட்டுப் பக்கம் மட்டும் ஒட்டுவதற்குத் தச்சரிடம் வாங்கிய மெருகு அரக்கு. பொருத்தினேன். நாற்காலியை ஷெட் வாசலில் போட்டு இவரை உட்கார வைத்திருந்தேன்.

"மெதுவா... ரெண்டும்... மாத்தி மாத்தி. போதும்."

"இன்னும் ஒரு சுத்து?"

"போதும். தகடு... வளையும்."

இவர் மேல் கோபமாக இருந்தேன். இரண்டு நாளும் அதே கோபம். அதோடுதான் நட்டை முடுக்கினேன். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. நாளைக்கு ஊசி போடப் போகிற வீட்டில் என்ன நினைப்பார்களோ.

நவ. 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சவரிமுத்து, கூடவே ஜவுளிக்கடைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், நிதானமான பேச்சு. அடியில் செய்தித்தாளை விரித்து அரை மணி எஞ்சினை ஓடவிட்டேன். அவரே குனிந்து தாளை எடுத்துப் பார்த்தார்.

"ஒழுகுதுன்னுல்லா சொன்னாக? தாளு காஞ்சு கெடக்கே."

"ஒழுகிச்சு. நாங்களே அட்டை வெச்சு சரிபண்ணினோம். எத்தனை மாசம் தாங்கும்னு தெரியாது" என்றேன். சவரிமுத்து என்னை முறைத்தார்.

"அட்டைன்னா என்ன, ஒழுகலைல்லா? எடுத்துக்கிடுதேன்."

இவர் என்னைப் பார்த்து, "குடு" என்றார். தெளிவாக வந்த சொல். இனி கை வைக்க ஒன்றும் இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

"குடுத்துட்டு அடையாறுக்கு நான் எதுல போறது?" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.

ஜவுளிக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "அம்மாவுக்குத்தான் வண்டி வேணும். நான் வாரேன்." சவரிமுத்து காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

நவ. 14, செவ்வாய்

வெயில். நேற்று அடையாறு போய்ப் பாக்கியத்தைப் பார்த்தேன். பால் கட்டி ஜுரம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமியாரிடம் என் வண்டி அன்று கழற்றிக் கிடந்ததைச் சொன்னேன். அவள், "உன்ன யாரு இன்னா கேட்டாங்க இப்போ" என்று மோர் கொடுத்தாள். குடித்தேன்.

இன்று காலை முகச்சவரம் செய்துவிடும்போது இவர் கேட்டார். "அந்தப் புள்ள... பேரு?"

சோப்பு நுரையோடு கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பேர் சொல்லிவிட்டால் தீர்ந்தது. எத்தனையோ பேர் இருக்கிறது. ஒன்றும் வாயில் வரவில்லை.

"பேர் வைக்கலீங்க. பொறக்கும்போதே உயிரில்ல. ஜட்காவில போய்ச் சேர நேரமாயிடுச்சு."

மீதிக் கன்னத்தையும் சவரம் செய்து முடித்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. நான் கட்டாயப்படுத்தவில்லை.

மூன்றரைக்கு மயிலாப்பூரிலிருந்து அழைப்பு, குழந்தைக்கு இழுப்பு. பையை எடுத்துக்கொண்டு ஜன்னலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல்.

"ஆயில்... பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். பார்க்கவில்லை. பையைச் சீட்டில் வைத்துவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்து, அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல் கோடு வரைக்கும் இருந்தது. "சரியா இருக்கு" என்று உரக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.