மெத்தையில் நீங்கள் நீட்டிய கை

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உங்கள் கித்தான் சட்டை அடியில் கிடந்தது. அந்துருண்டை வாசத்தையும் மீறி வேர்வை வாடை இன்னும் அடிக்கிறது. நீங்கள் போய் மாசம் ஒன்றாகிவிட்டது, இது மட்டும் போக மாட்டேன் என்கிறது. கொடியில் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். நேற்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இதைத் தைத்தவள் நான். கல்யாணமான புதிதில், கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்து லீவில் எலப்புள்ளிக்கு வந்த நீங்கள், "ஏம்புள்ள, லாரி மேல போத்தற கித்தான்ல எனக்கொரு சட்டை தெச்சுக் குடு" என்றீர்கள். அரைக்கை, தொளதொளவென்ற உடம்பு, முன்னால் முடிச்சுப் போடக் கயிறு. ஊசி ஒடிந்து ஒடிந்து என் விரல்தான் புண்ணானது.

உங்கள் அப்பா சுரங்கத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் சீமைத் துரைமாரிடம் கற்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மல்லுக்கட்டுக்கான சட்டை அது. எதிராளியின் சட்டையைப் பிடித்துத்தான் சாய்க்க வேண்டும். இடுப்புக்குக் கீழே கை போகக் கூடாது, காலால் தட்டிவிடலாம். ஒருவன் முதுகு படிய மல்லாந்து விழுந்தால் அதோடு சரி. தரையில் போட்டு அமுக்குவது, கட்டிப் புரள்வது எல்லாம் கிடையாது. விழுந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுவீர்கள். வேலந்தாவளம் சந்தை கலைந்த திடலில் கூட்டாளிகளுக்குச் செய்து காட்டினால், "சட்டையக் கிழிக்கறதுக்கு ஒரு சண்டையாக்கும்" என்று சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வராது. சுரங்கத் தூசியில் உங்களுக்கு அப்போதே இருமல் ஆரம்பித்திருந்தது. எழுபதுகளின் நடுவில் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி குஸ்தி அணிக்கு ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, உங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியதும் நான்தான். ஜெயித்தால் அங்கேயே வேலை. இனி ஜென்மத்துக்கும் சுரங்கத்தில் இறங்க வேண்டாம்.

அங்கே கித்தான் சட்டைக்கு வேலையில்லை. உடம்போடு ஒட்டிய பனியன், கீழே மெத்தை. காலைப் பிடித்து இழுக்கலாம். ஆளை விழச் செய்தால் மட்டும் போதாது, இரண்டு தோளும் மெத்தையில் படிய அமுக்கினால்தான் முடிவு. எல்லாம் கேட்டுத் தலையாட்டினீர்கள். நான் வேலியோரம் நின்றேன். பிடிக்கச் சட்டையில்லாமல் உங்கள் கை கொஞ்ச நேரம் தடுமாறியது. அப்புறம் கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவரை அக்குளோடு சேர்த்துப் பிடித்து, காலால் தட்டி மல்லாத்தினீர்கள். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அப்படியே அமுக்கியிருக்க வேண்டியதுதானே? நீங்கள் பிடியை விட்டு நிமிர்ந்து, அவரைத் தூக்கிவிடக் கை நீட்டினீர்கள். அவர் கையைப் பிடிக்கவில்லை, காலைப் பிடித்தார். அடுத்த மூச்சில் நீங்கள் கீழே, அவர் மேலே. விசில் ஊதிவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது, "அத்தன தடவ சொன்னாங்களே, காது கேக்கலீங்களா?" என்றேன்.

"கேட்டுது புள்ள. கை தன்னால நீண்டுருச்சு."

நல்ல கை. அந்த மாசமே கோலாருக்கு ரயில் ஏறினீர்கள். கடைசியாக ஊர் திரும்பியபோது களத்துமேடு வரைக்கும் நடக்க உங்களுக்கு மூச்சில்லை. நீங்கள் இருமும்போதெல்லாம் அந்தக் கையைத் திட்டினேன். மனசுக்குள் அல்ல, உங்கள் காதுபடவே. நீங்கள் சிரிப்பீர்கள், அது இருமலில் போய் முடியும்.

நேற்று அந்தக் கொழிஞ்சாம்பாறைக்காரர் துக்கம் கேட்க வந்தார். கம்பெனியில் ரிட்டயர் ஆனவர், சலவைச் சட்டை. பாயில் உட்கார்ந்து, "அன்னைக்கு அவருதானுங்க ஜெயிச்சாரு. நான் தின்னது அவரு சோறுங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்பச் சொல்லி என்னங்க பண்றது?" என்று கேட்டே விட்டேன்.

அவர் எழப் பார்த்தார். முட்டி ஒத்துழைக்கவில்லை. தரையில் ஒரு கையை ஊன்றி, பாதியில் நின்று தத்தளித்தார். கிடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பார்த்தால், என் கை அவர் முன்னால் நீண்டிருந்தது.

இந்த முறை அவர் கையைத்தான் பிடித்தார்.