விறகுக் காம்பராவுக்குத் தீ வைத்தது யார்?

நான் வகுப்பில் அழுதேன் என்று ஹட்டன் நகரில் சிலர் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. நீங்கள் செய்ததுபோலவே, பாடம் தொடங்குமுன் ஒரு விறகுக் கட்டையைக் கொளுத்தி, அணைத்து, மேசையில் வைத்தேன். புகை கண்ணில் பட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்த வாசனையில் நீங்கள் வந்து நின்றீர்கள் என்பதை மறுக்க மாட்டேன்.

தேயிலைத் தோட்டங்களை நடத்தும் துரைமாராக நம் பயிற்சி நிலையத்திலிருந்து போகிறவர்களுக்கு யோசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று, இல்லாத ஒரு தோட்டத்தையும், அங்கே விறகு அடுக்கும் அறையாக இருந்து எரிந்துபோன ஒரு காம்பராவையும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் உண்டாக்கினீர்கள். எனக்கு வாசித்துக் காட்டியபோது குறுக்கிட்டேன்.

“பகல் பூரா மழைங்கிறீங்க. நனைஞ்ச விறகு எப்படிங்க பத்தும்?”

“வந்துட்டாங்கய்யா மதர் சுப்பீரியர்! சரி, மண்ணெண்ணெய் ஊத்திருவோம்.”

ஊற்றினீர்கள். கதை பற்றிக்கொண்டது.

காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும்போது, முருகேசு என்ற தொழிலாளி கணக்கப்பிள்ளையோடு சண்டை போடுகிறான். மாலையில் காம்பரா எரிகிறது. மறுநாள் பெரட்டுக்கு முருகேசு வரவில்லை. வகுப்பு அந்த இடத்திலேயே அவனைப் பிடித்துவிடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அன்று பகல் ஒரு சாவு என்று கதையின் தொடக்கத்திலேயே எழுதியிருப்பீர்கள். பிரேதம் எடுக்கும்வரை நம் தோட்டங்களில் யார் மலைக்கு வேலைக்குப் போவார்கள்? மறுநாள் பெரட்டுக்கு யாருமே வந்திருக்க மாட்டார்கள் என்று ஒருவருக்கும் தோன்றாது. கோபப்படாமல் சொல்வீர்கள்: “ஆளப் பிடிக்கிறதுக்கு முன்னால சங்கதியப் பிடிங்க.”

நீங்கள் இறந்த பிறகு அந்த வகுப்பை நான் எடுக்கிறேன். போன வாரம் கொழும்பிலிருந்து வந்த ஒரு பையன் எழுந்தான்.

“முருகேசுதான் டீச்சர். சண்டை போட்டிருக்கான், மறுநாள் ஆளையும் காணோம். வேற என்ன வேணும்?”

லயத்தில் பிறந்து பட்டம் பெற்று வந்திருக்கும் கௌசல்யா பின்னாலிருந்து சொன்னாள்: “சண்டை போட்டவன்லாம் தீ வைப்பான்னா, எங்கப்பா இந்நேரம் ஹட்டனையே கொளுத்தியிருப்பாரு.”

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு தாளை மறுபடி பார்த்துவிட்டு, “சரி, மறுநாள் பெரட்டுக்கு வேற யாரு வந்தா?” என்று அவனே கேட்டான். அவன் விரைவில் ஒரு தோட்டத்துக்குச் சின்னத்துரையாக, பெரிய துரைக்கு உதவியாளனாக, போகிறான். அவன் வாயில் வரும் ஒரு பெயரால் ஒரு வீட்டில் அடுப்பு அணையலாம். அணையாது என்று அன்று எனக்கு நம்பிக்கை வந்தது.

இப்போது இந்தப் பாடத்தை நிறுத்தப் பார்க்கிறார்கள். “கட்டுக்கதைக்கு அரை நாளா மேடம்? இதால யாருக்காச்சும் பிரயோசனம் இருந்துச்சுன்னு காட்டுங்க” என்றார் நிலையத்தின் புதிய தலைவர். கேள்வி நியாயமானது. நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் பொறுமை எனக்கு வரவில்லை. முடிவு சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. ஆகவே இந்த மடலை நிலையத்தின் சஞ்சிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் படித்து இன்று தோட்டங்களை நடத்துகிறவர்கள் வாசிப்பார்கள். அவர்களிடம் கேட்கிறேன்: ஒருவர் மேல் குற்றம் சொல்ல வாயெடுத்து, இந்தக் கதையால் நிறுத்திக்கொண்ட நாள் உண்டா? உண்டென்றாலும் இல்லையென்றாலும் எனக்கு எழுதுங்கள். தொலைபேசியில் வேண்டாம். தலைவரிடம் காட்ட எழுத்தில் பதில் வேண்டும்.