எலியை யார் கேட்பது

கண்ணு அபிநயா,

அம்மா எழுதுகிறேன். அப்பா, அண்ணன், அண்ணி நர்மதா, கன்று போட்ட எருமை வரைக்கும் இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் வாய் வரவில்லை, போனில் அப்படி அழுதாயே. பேசினால் நானும் சேர்ந்து அழுவேன், அதனால்தான் தினை மாவுப் பார்சலோடு இந்தக் கடிதம். லேபில் பூச்சிமருந்து கொடுத்த எலிகளைக் கொன்று, ரத்தத்தை எடுத்து டிஎன்ஏ உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது உன் வேலை. நம்ம குலசாமி கோயிலில் தண்ணீர் தெளித்து, ஆடு உடம்பைச் சிலுப்பி உத்தரவு கொடுத்தால்தான் வெட்டுகிறோம், எலிய யாரும்மா கேக்கறாங்க, நான் வேலய வுட்டுட்டு வந்துடறேன் என்றாய். அப்பாவிடம் சொன்னேன். பச்சத் தண்ணிய முதுவுல ஊத்துனா நான்கூடத்தான் சிலுப்புவேன், அது இன்னா சம்மதமா என்று சிரித்தார். அவருக்கு எதிலும் கிண்டல்தான். ஆனால் போன வருஷம் சிலுப்பாமலே நின்ற கிடாவை, கறிக்கு வந்த சனமெல்லாம் முணுமுணுக்க, வீட்டுக்கே ஓட்டிவந்தவரும் அவர்தானே. அது இன்னும் என் முருங்கையைத் தின்றுகொண்டு திரிகிறது.

இன்னொன்று கேள். மக்காச்சோளத்துக்கு நாம் அடிக்கிற நீலப் பாட்டில் மருந்தைக் கொடுத்த எலிகளுக்கு டிஎன்ஏ உடைந்து தெரிகிறது, முடிவு இன்னும் வரவில்லை, ஆனாலும் வெறுங்கையால் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தாயே. அப்பா வழக்கம்போல டிரம்மில் கையை முழங்கை வரை விட்டு மருந்தைக் கலக்கினார், தண்ணீர் ஊற்றியது உன் அண்ணி. அவள் மாசமாக இருக்கிறாள், உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். குடத்தைப் பிடுங்கி நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். அப்பா சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, கலக்குவதற்கு மூங்கில் கழி வெட்டப் போனார். அந்த எலிகளை யாரும் கேட்கவில்லைதான் கண்ணு, பாவம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். வரத் தோன்றினால் வா, இது உன் வீடு. இருப்பதானால், ஊசி எடுக்கும் முன், கிடா சிலுப்பட்டும் என்று அப்பா காத்து நிற்கிறமாதிரி கொஞ்சம் நில். மனசு மரத்துப்போனவளிடம் அந்த வேலை போவதைவிட, அழுகிற உன்னிடம் இருக்கட்டும். நேற்று மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம், ஒரு கரண்டியை வரப்பு எலிவளையருகே ஊற்றினேன். வெள்ளாமையைத் தின்கிறவனுக்கு விருந்தா என்று அப்பா சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். இன்னொரு கரண்டி ஊத்துடி, நர்மதா வயித்துப் புள்ள பேர்ல என்றார்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, குலசாமி உன் பக்கத்திலேயே நிற்கட்டும். நீயும் கையுறை இல்லாமல் மருந்தைத் தொடாதே.

உன் அம்மா,
மணிமொழி