முதலில் எழுத வேண்டிய பரீட்சை

காத்தான்குடி
2025 ஜனவரி 18

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகளும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம். தோஹாவில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் பத்து வரி எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். போனில் பேசினால் உங்கள் அறையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிறது. அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் அசனார் காக்காவின் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்து வைத்திருக்கிறேன். அது கலைந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

நஸ்ஹா பாலர் பாடசாலையில் அழாமல் இருக்கப் பழகிவிட்டாள். காலை நேரம் எனக்கு மிச்சமாகிறது. கல்யாணத்துக்கு முன் டெக்னிக்கல் கொலிஜில் படித்த நெட்வொர்க்கிங்கை விட்ட இடத்திலிருந்து பிடிக்க ஆசை. கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் அங்கேயே எனக்கும் வேலை தேடலாம், மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். சிசிஎன்ஏ, நெட்வொர்க் பிளஸ் என்று இரண்டு பரீட்சை இருக்கிறதாம். எதை முதலில் எழுதுவது என்பதுதான் இப்போது கேள்வி. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யாரை நம்புவது என்று தெரியவில்லை.

மெயின் வீதியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் நிலையம் திறந்திருக்கிறார்கள். நடத்துபவர் பஹ்மி சேர். மூன்று மாதத்தில் சர்வதேச நெட்வொர்க்கிங் சான்றிதழ் என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார். உம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தேன். "இது சிசிஎன்ஏயா, நெட்வொர்க் பிளஸா சேர்?" என்று கேட்டேன். "ரெண்டும் இதுக்குள்ள அடக்கம் தங்கச்சி," என்றார். பரீட்சை எங்கே நடக்கும் என்று கேட்டால், இந்த அறையில்தானாம். யார் திருத்துவது என்று கேட்டேன். "நாங்கதான். நம்மட புள்ளயள நாமளே பெயில் பண்ணுவமா?" என்று சிரித்தார். உம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. நான் சான்றிதழைக் காட்டச் சொன்னேன்.

மாதிரிச் சான்றிதழ் ஒன்றைக் காட்டினார். தங்க நிற முத்திரை, நடுவில் பூமிப்பந்து, மூலையில் எங்கேயோ பார்த்த மாதிரி ஓர் அடையாளம். நிஜச் சான்றிதழ் எப்படி இருக்கும் என்று தெரியாததால் எனக்கு வாதாட முடியவில்லை. நீங்கள்தான் சிசிஎன்ஏ பாஸ் பண்ணியவர். மூன்று வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது நீங்கள் சொன்னதைக் கேட்டு மாமி மகனின் பெருமையில் தெரு முழுக்க வட்டிலாப்பம் அவித்துக் கொடுத்தது நினைவிருக்கும். அந்தச் சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பஹ்மி சேரின் கள்ளம் வெளிச்சமாகிவிடும்.

என்னோடு கொலிஜில் படித்த சுலோஜனா இப்போது டவுனில் இன்டர்நெட் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறாள். நாவற்குடாவில் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "முதல்ல நெட்வொர்க் பிளஸ எழுது கா," என்றாள். "அது எந்தக் கம்பெனிட ரவுட்டருக்கும் பொது. அடிப்படை பிடிபடும். மறுகா சிசிஎன்ஏக்குப் போ. அது சிஸ்கோட பரீட்சை, கொஞ்சம் கடும். ஆனா வேலைக்கு ஆள் எடுக்கிற ஆக்கள் அதத்தான் தேடுவாங்க." தான் படித்த புத்தகங்களைச் சும்மா தருகிறேன் என்றும் சொன்னாள். ஏன் சும்மா தருகிறாள் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். நான் சின்னதை எழுதிவிட்டு நின்றுவிட வேண்டும் என்று நினைக்கிறாளோ தெரியாது. புத்தகங்களை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் வார்த்தைதான் எனக்கு முடிவு. போட்டோவை மறக்க வேண்டாம்.

உங்கள் நலத்துக்கு துஆ செய்யும்,
சஹ்லா


காத்தான்குடி
2025 ஏப்ரல் 6

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. நீங்கள் அனுப்பிய துணியில் நஸ்ஹாவுக்குத் தைத்த சட்டை கொஞ்சம் நீளம். அடுத்த பெருநாளுக்கும் போடலாம் என்று உம்மா சந்தோஷப்படுகிறார். மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

பஹ்மி சேரின் நிலையத்தில் நான் சேரவில்லை. உண்மையான சான்றிதழ் என்றால் அதன் எண்ணை இணையத்தில் போட்டு யாரும் சரிபார்க்கலாம் என்று சுலோஜனா சொல்லித் தந்தாள். போய்க் கேட்டேன். "அந்த வசதி அடுத்த மாசம் வரும் தங்கச்சி," என்றார். அந்த அடுத்த மாதமும் வந்து போய்விட்டது. இப்போது என்னைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். அவரைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது.

இனி உங்களைப் பற்றி எழுத வேண்டும். கோபிக்காமல் வாசியுங்கள்.

பெப்ரவரியில் நான் கேட்டபோது நீங்கள் சொன்னது இது: "சிசிஎன்ஏயத்தான் எழுது. மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்." நான் அந்தப் பாடத்திட்டத்தைத் தேடி எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். நோன்பு நடுவில் நீங்களே போன் எடுத்துச் சொன்னது இது: "அந்தப் பரீட்சை சும்மா ஏமாத்து. கேள்வி கேக்கிற ஆக்களுக்கே பதில் தெரியா. சுலோஜனா சொன்னத எழுது, இல்லாட்டி புள்ளயப் பாத்துக்கிட்டு வீட்டில இரி." ஒரு மாதத்துக்குள் பரீட்சை எப்படி மச்சான் கெட்டுப்போனது?

போட்டோவை நான்கு தடவை கேட்டுவிட்டேன். முதல் தடவை சான்றிதழ் ஒபிஸில் இருப்பதாகச் சொன்னீர்கள். பிறகு பழைய போனில் இருக்கிறது என்றீர்கள். பிறகு அது உனக்கு எதற்கு என்று எரிந்து விழுந்தீர்கள். எண்ணை மட்டும் சொல்லுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றதற்குப் பதிலே இல்லை.

இன்னொன்று. ஒரு வலையமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கு எனக்கு விளங்கவில்லை என்று உங்களிடம் கேட்டேன். "சிக்னல் வெட்டுது, மறுகா எடுக்கன்," என்றீர்கள். அன்று உங்கள் குரல் பக்கத்தில் இருந்து பேசுகிற மாதிரி எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடைசியில் சுலோஜனாதான் விளங்கப்படுத்தினாள். அவள் வாப்பாவுக்குக் கொக்கட்டிச்சோலையில் வயல் இருக்கிறது. ஒரு பெரிய வயல் வட்டையை வரம்பு கட்டிப் பிரிப்பதைப் போல நினை, ஒவ்வொரு வரம்பு கட்டும்போதும் கொஞ்ச நிலம் வரம்புக்கே போய்விடும், அதைக் கழித்துத்தான் எண்ண வேண்டும் என்றாள். உடனே பிடிபட்டது. அவளைச் சந்தேகித்தது பிழை என்று தோன்றியது. நான் சந்தேகிக்க வேண்டிய ஆள் அவள் இல்லை.

எனக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். நான் பாஸ் பண்ணி உங்களுக்குச் சமமாக வந்துவிடுவேன் என்பது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? இல்லாவிட்டால் நான் தோஹாவுக்கு வருவதே பிடிக்கவில்லையா? அங்கே நான் பார்க்கக்கூடாத ஏதாவது இருக்கிறதா? போன மாதம் முழுக்க வேலை நேரத்தில் எடுத்தபோதெல்லாம் பின்னால் வாகனச் சத்தம் கேட்டது. ஏசி அறையில் ரவுட்டர் பார்க்கிறவருக்குப் பின்னால் எந்த வாகனம் ஓடுகிறது?

இதை எழுதும்போது நஸ்ஹா மடியில் படுத்திருக்கிறாள். வாப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வது என்பதையும் நீங்களே எழுதுங்கள்.

சஹ்லா


காத்தான்குடி
2025 ஜூலை 20

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது உங்கள் மனமும் உடம்பும் இலேசாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

ஏப்ரலில் நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதற்கு நீங்கள் பதில் எழுதாததும் நல்லதுதான்.

உங்களோடு ஒரே அறையில் இருக்கும் ஷிஹான் காக்கா லீவில் வந்தவர், போன வாரம் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். நீங்கள் கொடுத்தனுப்பிய பால்மா, அத்தர், நஸ்ஹாவின் பொம்மை எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. உம்மா மாமி வீட்டுக்குப் போயிருந்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். உங்களைப் பற்றி விசாரித்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் அவர் சாதாரணமாகப் பேசத் தொடங்கினார்.

"மனேஜர் அந்தச் சிசிஎன்ஏ பேப்பரக் கேட்டதோட றம்ஸீனுக்குச் சோதினதான் தங்கச்சி. ரெண்டாம் தரமும் எழுதி அது சரிவராம, இப்ப வெளியில வயர் இழுக்க..." என்றவர் என் முகத்தைப் பார்த்தார். அவருடைய மனைவி அவர் காலை மிதித்ததையும் நான் கண்டேன். "உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார்.

"ஓம் காக்கா, தெரியும். அவர் சொன்னவர்," என்றேன்.

பொய் சொல்லும்போது என் குரல் நடுங்காது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. மேலே ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு பிஸ்கட் எடுக்கச் சொன்னேன். அவர் உங்களைக் காட்டிக்கொடுத்ததாக நினைத்து அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் போகும்போது முகம் வாடித்தான் போனார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் எடுத்தபோது கரண்ட் போய் போன் செத்துவிட்டது என்று பிறகு சொன்னேனே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. போன் என் கையில்தான் இருந்தது. உங்கள் பெயரைக் காட்டிக்கொண்டு அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் ஒரே மனுசனோடு பேசிக்கொண்டிருந்தேனா, இல்லை வேறு யாரோடோ பேசினேனா என்று ஒரு கேள்வி. பிறகு, அந்த மூன்று வருடமும் நீங்கள் அதை யாரிடமும் சொல்லாமல் எப்படிச் சுமந்தீர்கள் என்று இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வி வந்த பிறகு முதல் கேள்விக்கு என் மனதில் இடம் குறைந்துவிட்டது. இனி இதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

இனி பரீட்சைக் கதை. நான் முடிவெடுத்துவிட்டேன். சிசிஎன்ஏதான் எழுதப் போகிறேன். சுலோஜனாவிடம் சொன்னபோது அவள் விடவில்லை. "உனக்கென்ன விசரா கா? நடக்கப் பழக முதல் ஓடப் போறியா?" என்றாள். அடிப்படைப் பாடம் இரண்டிலும் முக்கால்வாசி ஒன்றுதானே, அவள் தந்த புத்தகத்தில் அதை முடித்துவிட்டேன் என்றேன். மிச்சத்தை யார் சொல்லித் தருவது என்று கேட்டாள். "அவர் சொல்லித் தருவார்," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என்னுடைய சந்தேக வியாதி அவளுக்கும் தொற்றிவிட்டது போல.

ஆனால் எனக்கு ஒரு துணை வேண்டும் மச்சான். சிசிஎன்ஏ மூன்று வருடத்துக்குத்தான் செல்லும் என்று சிஸ்கோவின் பக்கத்தில் வாசித்தேன். அப்படிப் பார்த்தால் உங்களுடையதும் காலாவதியாகியிருக்கும். புதுப்பிக்க வேண்டிய காலம்தான். அதனால் நீங்களும் என்னோடு எழுதுங்கள். நான் கொழும்பில், நீங்கள் தோஹாவில், ஒரே கிழமையில் எழுதலாம். மாமியிடமும் சொல்லிவிட்டேன். "எல்லாரும் திரும்பவும் எழுதத்தான் வேணும் மாமி, அதான் சட்டம்," என்றேன். "எழுதட்டுமே, என்ட மகனுக்கு அது என்ன பெரிய கஷ்டமா?" என்றார். கஷ்டமில்லை என்று நான் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். முதல் பாடத்திலிருந்தே தொடங்குவோம். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொல்லுங்கள். இருவருக்கும் தெரியாததைச் சுலோஜனாவிடம் கேட்போம். அவள் நல்லவள். நீங்கள் வேலை செய்த ரவுட்டர் பெட்டிகளை நான் கண்ணால் கண்டதுகூட இல்லை. படத்தில் பார்ப்பதற்கும் கையால் தொட்டு வயர் மாட்டியவர் சொல்லிக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அறையில் ஆட்கள் இருந்தால் வெளியே வந்து பேசுங்கள். சிக்னல் வெட்டினால் வெட்டட்டும், நான் காத்திருப்பேன்.

கம்பெனி அதுவரை பொறுக்காமல் அனுப்பிவிட்டால், வந்துவிடுங்கள். இங்கேயும் ரவுட்டர் இருக்கிறது, வயர் இருக்கிறது, அதை இழுக்க ஆளும் தேவைப்படுகிறது. வீட்டு வாசலில் யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். இப்போது எனக்கு அது நன்றாக வருகிறது.

நஸ்ஹா தன் பெயரை எழுதப் பழகிவிட்டாள். இதன் கீழே கோணலாக இருப்பது அவள் எழுதியது.

அல்லாஹ் உங்கள் கையையும் நெஞ்சையும் பலப்படுத்தட்டும். யாருடைய பார்வைக்கும் கூச வேண்டாத நிம்மதியை உங்களுக்குத் தரட்டும். பகலில் வெளியே நிற்கும்போது தலையில் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் போத்தலைக் கையோடு வைத்திருங்கள். எனக்கு நீங்கள் சுகமாக இருந்தால் போதும் மச்சான். மற்றதெல்லாம் இன்னொரு தரம் எழுதலாம்.

உங்களுக்காகக் கையேந்தியிருக்கும்,
உங்கள் சஹ்லா

நஸ்ஹா