கல்யாணக் கார்டில் அச்சடித்த பி.ஏ.

என் அன்பான அப்பா,

எப்படி இருக்கிறீங்கள் என்று எழுதத்தான் கை போகிறது. கேட்டு என்ன பிரயோசனம்? நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சரிவரவில்லை. படத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் சொல்ல வந்ததோ சிரிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் வாசிக்கிற இடத்தில். அந்த நாலு பேரும் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள்தானே.

நேரே சொல்லிவிடுகிறேன். நான் பட்டதாரி இல்லை. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும். கல்யாணமாகி இரண்டாம் மாதமே இவரிடம் சொல்லிவிட்டேன். "சரி விடும், ஆர் வந்து கேக்கப்போகினம்" என்றார். அவர் சொன்னது சரிதான், இருபத்திரண்டு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் அச்சில் இருப்பதை எங்கள் சனம் எப்போது கேட்டது?

கொட்டாஞ்சேனையில் அந்தச் சின்ன அச்சகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள், ஞாபகமா? மணமகள் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று உங்கள் கையால் எழுதிக் கொடுத்தீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்பா, நான் இன்னும் முடிக்கேல்லையே."

"இன்னும் ஒரு வருஷம்தானே பிள்ளை. கல்யாணம் முடிஞ்ச கையோட போய் எழுதிப்போடு. மாப்பிள்ளை பகுதிக்குப் பட்டதாரிப் பிள்ளை எண்டு சொல்லியாச்சு. மாப்பிள்ளையின்ர பேருக்குப் பக்கத்தில ரெண்டு எழுத்து நிக்க, உன்ர பேருக்குப் பக்கத்தை வெறுமையா விடேலுமே?"

கப்பல் கொம்பனியில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்த மனிசன் நீங்கள். ஒரு முற்றுப்புள்ளி பிழைத்தாலும் முழுத் தாளையும் திருப்பி அடிக்க வைப்பீர்களாம். அந்தப் பெரிய பிழை மட்டும் எப்படி அப்பா உங்கள் கண்ணுக்குப் பிழையாகத் தெரியவில்லை?

கல்யாணம் முடிந்தது. தர்ஷி வயிற்றில் வந்தாள். வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தேன். மூன்றாம் வருடத்துக்குப் போகவில்லை. லீவு கேட்டு ஒரு கடிதம்கூடக் கொடுக்கவில்லை, சும்மா போகாமல் விட்டுவிட்டேன். பிள்ளை பிறந்த பிறகு போகலாம், நடக்கத் தொடங்கிய பிறகு போகலாம், நேர்சரிக்குப் போகட்டும் பிறகு போகலாம் என்று நாட்கள் ஓடின.

உண்மையைச் சொன்னால், வழி இல்லாமல் போகவில்லை. சனிக்கிழமை வகுப்பு வந்தது. தபாலில் பாடம் அனுப்பிப் படிப்பிக்கிற இடம் வந்தது. ஏற்கெனவே சித்தியடைந்த பாடங்களைக் கணக்கில் எடுத்து, மிச்சத்தை மட்டும் படித்தால் போதும் என்கிற இடங்களும் வந்தன. பிறகு வீட்டிலிருந்தே ஒன்லைனில் முடிக்கலாம் என்றார்கள். பேப்பரில் அந்த விளம்பரம் வந்தால் மாமியாருக்குத் தெரியாமல் வெட்டி, சீலைக்கு அடியில் வைப்பேன்.

ஆனால் நான் எப்படிப் போவேன்? பி.ஏ. முடித்தவள் பி.ஏ. படிக்கப் போகிறாள் என்று யாருக்குச் சொல்வது? வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை எங்கள் ஆட்கள். ஒருமுறை துணிந்து விண்ணப்பம் வாங்கப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இவருடைய பெரியம்மாவின் பேரன் நின்றான். "மாமி, நீங்கள் என்ன இஞ்ச?" என்றான். "ஆருக்கோ விசாரிக்க வந்தனான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அவ்வளவுதான், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அப்பா, எனக்கு உங்கள்மேல் கோபம். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. நான் படிப்பை விட்டதற்கு நீங்கள் காரணமில்லை. நான் திரும்பிப் போக முடியாமல் போனதற்கு அந்த இரண்டு எழுத்துத்தான் காரணம். கிடைத்துவிட்டது என்று ஊருக்கே சொன்ன பிறகு, அதைத் தேடிப் போக யாருக்கு முகம் இருக்கும்?

என் பிழையையும் சொல்கிறேன். நீங்கள் ஒரு தடவைதான் பொய் சொன்னீர்கள். நான் அதற்குச் சோறூட்டி வளர்த்தேன். வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் தொடங்கினேன், "பி.ஏ. மிஸ்" என்று தாய்மார் கூப்பிட்டார்கள், பேசாமல் இருந்தேன். உங்கள் மரண அறிவித்தலிலும் பிள்ளைகள் பெயரோடு அதே பி.ஏ. வந்தது. பார்த்தேன், பேசாமல் இருந்தேன். தர்ஷிக்குப் பத்து வயதாக இருக்கும்போது அவள் கணக்கு ஓடவில்லை என்று அழுதாள். "உன்னை வயித்தில வச்சுக்கொண்டு நான் கடைசிச் சோதனை எழுதினனான், உனக்கு இதுக்கு அழுகையோ?" என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தப் பேச்சுத்தான் இப்போது வந்து என் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

உங்கள் பேத்திக்கு இப்போது இருபத்தொரு வயது. கம்பஸுக்குப் போகிறாள். போகிறாள் என்றால், அது திறந்திருக்கிற நாட்களில் போகிறாள். ஸ்ட்ரைக் என்று பூட்டுவார்கள், பிறகு சோதனையைத் தள்ளிப்போடுவார்கள். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுக் கோப்பையோடு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"அம்மா, நான் கம்பஸை விடப்போறன். கொள்ளுப்பிட்டியில ஒரு ஒஃபிஸ்ல வேலை கிடைச்சிருக்கு."

"உனக்கென்ன விசரே? இன்னும் அரைவாசி கிடக்கு!"

"பிறகு முடிக்கலாம்தானே. இப்ப எத்தினை வழி இருக்கு. வீக்கெண்டில முடிக்கலாம், ஒன்லைனில முடிக்கலாம். நீங்கள் என்னை வயித்தில வச்சுக்கொண்டே முடிச்சனீங்கள். எனக்கு என்ன, பிள்ளையோ குட்டியோ?"

அவள் என்னை நம்பித்தான் படிப்பை விடப்போகிறாள். விட்டால் திரும்பிப் போவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். அதைச் சொல்வதென்றால் மற்றதையும் சொல்லவேண்டும். என்ன செய்வேன் அப்பா? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "சமாளி பிள்ளை" என்றுதானே?

நாலு நாள் சமாளித்தேன். ஐந்தாம் நாள் அவள் பால்கனியில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் போய் நின்று சொல்லிவிட்டேன். முழுவதையும் சொன்னேன், அச்சகத்திலிருந்து. கீழே கடற்கரை ரயில் போய்க்கொண்டிருந்தது. கையில் இருந்த உடுப்பை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மப்பாவுக்கும் தெரியுமோ?"

"ஓம்."

"எனக்கு ஓ.எல். சோதனை ரிசல்ட் வந்தநேரம், 'அம்மாவைப் போல வரோணும்' எண்டு சொன்னவரே. அதுவும் பொய்யோ?"

உங்களை அவள் எவ்வளவு நம்பினாள் தெரியுமா? உங்களுக்காக நான் என்ன பதில் சொல்ல? பிறகு அவள் கேட்டதுதான் என்னை அடித்துப் போட்டது.

"சரி, நீங்கள் முடிக்கேல்ல. ஆனா இருபத்திரெண்டு வருஷம் பி.ஏ. மிஸ்ஸாத்தானே இருந்தனீங்கள்? என்ன குறைஞ்சு போச்சு? பிறகேன் நான் மட்டும் கிடந்து மாயோணும்?"

நான் உண்மையைச் சொன்னால் பிள்ளை பயந்து படிப்பைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அது மறுவளமாகப் போய்விட்டது. என்ன குறைந்து போனது என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்? யாராவது "எந்த வருஷம் முடிச்சனீங்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டாலும் எனக்குக் கை வேர்க்கும். கூடப் படித்த ஒருத்தியோடும் நான் தொடர்பு வைத்துக்கொள்ளவில்லை. அதையெல்லாம் சொன்னேன். "அது உங்கட பிரச்சினை அம்மா" என்றாள். ஐயோ, அதுவும் உண்மைதானே.

அடுத்த கிழமை பழைய ரிசல்ட் தாள்களை எடுத்துக்கொண்டு நான் படித்த இடத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவருக்குத் தர்ஷியின் வயதுதான் இருக்கும். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ், மேக்க தென் வலங்கு நே" என்று சிங்களத்தில் சொன்னார். என் பதிவு இனிச் செல்லாதாம். அங்கேயே நின்று அழுதுவிட்டேன். பாவம், பயந்துபோய்க் கதிரை எடுத்துப் போட்டார். பிறகு, எழுதிய பாடங்களின் பெறுபேறு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, அதன் பிரதியை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் கேட்டுப் பாருங்கள் என்றார்.

கேட்டேன். ஒரு இடத்தில் முதலாம் வருடப் பாடங்களை மட்டும் ஏற்றுக்கொள்கிறார்கள். மற்றவை பழைய பாடத்திட்டம், திரும்பப் படிக்கவேண்டும். சனிக்கிழமை வகுப்பு. நாற்பத்தைந்து வயதில் இரண்டாம் வருடம் அப்பா! சேர்ந்துவிட்டேன்.

மாமியாருக்கும் சொன்னேன். மனிசி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, மூன்றாம் நாள் "அப்ப உன்ர கொப்பர் எங்களை ஏமாத்திப்போட்டார்" என்றா. ஓம் மாமி என்றேன். டியூஷன் பிள்ளைகளின் தாய்மாருக்கும் சொன்னேன். இரண்டு பேர் பிள்ளைகளை நிப்பாட்டிவிட்டார்கள்.

தர்ஷி வேலைக்குப் போகிறாள். என்னால் அவளைத் தடுக்க முடியவில்லை. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டேன். சும்மா போகாமல் விடாதே, ஒரு வருட லீவுக்கு எழுதிக் கொடு, பதிவாவது உயிரோடு இருக்கட்டும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னோடு கம்பஸுக்கு வந்தாள். கடிதத்தில் சீல் விழும்வரை பக்கத்தில் நின்றேன். திரும்பிப் போவாளா? தெரியாது. "நீங்கள் முதல்ல முடியுங்கோ, பாப்பம்" என்றாள். அவளோடு இப்போதும் பழையபடி கதை இல்லை.

போன சனிக்கிழமை வகுப்புக்குப் போகிற வழியில், மார்க்கெட்டுக்கு முன்னால் பாமன்கடையில் இருக்கிற சின்னம்மாவைக் கண்டேன். மரக்கறிப் பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டா.

"தர்ஷி எப்ப பிள்ளை முடிக்கிறா?"

அப்பா, "வாற வருஷம் சின்னம்மா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. என் பிள்ளையை ஒருத்தரும் குறைவாகப் பார்த்துவிடக் கூடாது என்கிற பதற்றம் மட்டும்தான் எனக்குள் இருந்தது. அச்சகத்தில் உங்களுக்குள்ளும் இதுதானே இருந்தது? ஊரை ஏமாற்ற நீங்கள் நினைக்கவில்லை. நடுரோட்டில் நின்று எனக்கு அது விளங்கியது. விளங்கினாலும் கோபம் முழுவதும் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

"அவள் நிப்பாட்டியிருக்கிறாள் சின்னம்மா," என்றேன். "இப்ப நான்தான் படிக்கிறன்."

சின்னம்மா வாயைத் திறந்தபடி நின்றா. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் முடிப்பேன் என்று சொல்ல எனக்கு இப்போது பயமாக இருக்கிறது, சோதனை எழுதிய பிறகு சொல்கிறேன். ஆனால் என் பிள்ளை செய்யாத ஒன்றை அவள் செய்ததாக நான் யாரிடமும் சொல்லமாட்டேன். உங்களைப் போல அவளில் உயிரை வைத்திருக்கிறேன் அப்பா, அப்படியிருந்தும் சொல்லமாட்டேன்.

கோபமும் பாசமும் தீராத,
உங்கள் மூத்த மகள்
வதனா